மாந்தை நாணயமும் கூத்தோவின் துணிபும்

மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டி முதலிய ஊர்களினின்று தாம்போதி கடந்து பெருநிலம் புகுவோர்க்கு அண்மையில் உள்ளது மாந்தை. திருக்கேதீச்சரத்தாற் பெருமையுற்ற இப்பழந்துறையிற் கிடைத்த உரோம நாணயம் ஒன்றைப் போர்த்துக்கேய வரலாற்றாசிரியர் தியோகோ த கூத்தோ தம் நூலிற் குறித்துள்ளார். அக்குறிப்பு எத்துணை நம்பத்தக்கது என்பது ஆராய்தற்குரியது.

1574 அல்லது 1575இல், மன்னார்க் கோட்டைத் தலைவர் காலத்தே, மாந்தையிற் பழங்கட்டடமொன்றன் அடிப்படையிலிருந்து இரும்புச் சங்கிலியும் தேய்ந்த நாணயங்களும் வெளிப்பட்டன. பொன் நாணயத்தில் மார்பளவான ஆண் உருவமும் 'ஸி' என்னும் முதலெழுத்தும், மறுபுறம் 'ஆர், எம், என்' என்னும் எழுத்துகளும் தெரிந்தன என்கிறார் கூத்தோ. இதுவரை கூறியது கண்டதைக் கண்டவாறுரைத்தல். தேய்ந்ததைத் தேய்ந்ததென்றே கூறிய நேர்மை போற்றத்தக்கது.

அவர் மேலே செல்லுங்கால் நிலைமை வேறாகின்றது. 'ஸி' கிளாடியஸ் பேரரசனைக் குறிக்கும், மறுபுற எழுத்துகள் 'உரோமானோரும்', அஃதாவது 'உரோமருடைய', என்பதன் எச்சம் எனக் கொண்டார். கிளாடியஸ் காலத்தில் அன்னியஸ் புளொக்காமஸ் என்பாரின் விடுதலை பெற்ற அடிமை காற்றால் அலைப்புண்டு இலங்கை சேர்ந்தான் என்னும் பிளினியின் செய்தியே இத்துணிபிற்குத் துணையாயிற்று. மாந்தையின் இடிபாடுகளையும் உரோமர் வேலை என்றே எழுதினார்.

இது பொருந்துமாறில்லை. கி.பி. 41 முதல் 54 வரை ஆண்ட கிளாடியஸின் நாணயங்களில் முகப்பு வாசகம் பெரும்பாலும் திபேரியஸ் என்பதன் சுருக்கமாகிய 'டி, ஐ' எழுத்துகளோடு தொடங்கும், 'ஸி'யோடு அன்று. 'உரோமரின் மாண்பு' எனப் பொருள்படும் 'குளோரியா உரோமானோரும்' என்பதோ நான்காம் நூற்றாண்டு நாணயங்களிற் பெருவழக்கு. இலங்கையிற் கிடைத்த உரோமக் காசுகளுட் பெரும்பாலனவும் நான்காம், ஐந்தாம் நூற்றாண்டினவே. ஆகவே கூத்தோ எழுத்தைச் சரியாகவே கண்டிருத்தல் கூடும். காலத்தைப் பிழைபடக் கணித்தார் என்பதே ஏற்புடைத்து.

காசு கிடைத்தமையாற் கட்டியவர் உரோமர் எனலும் அத்தகையதே. 1980 முதல் 1984 வரை யோன் காஸ்வெல் நடத்திய அகழ்வில் சீன, மேற்காசிய மட்பாண்டங்களும் கிடைத்தன. அவற்றைக்கொண்டு மாந்தையைச் சீனர் கட்டினர் என்பார் உளரோ? வாணிகப் பொருள் வந்த வழியைக் காட்டும். சுவர் எழுப்பிய கையைக் காட்டாது. இவ்வேறுபாட்டை மறந்தால், இந்நாட்டுச் சிற்பியரின் உழைப்பு பிறர் கணக்கிற் சேர்ந்துவிடும்.

அந்நாணயத்தின் இருபுறத்தையும் எழுத்தமைதி பிறழாது வரைந்த படமொன்று அந்நூலில் இருந்திருப்பின் இவ்வழக்கு எளிதில் தீர்ந்திருக்கும். படமில்லாவிடத்து ஆசிரியரின் கண்ணை நம்பலாம். கருத்தை ஐயுறல் வேண்டும்.