திறப்பு விழாவும் தூசி உறையும்

தோரணம் கட்டப்படுகிறது, நாடா வெட்டப்படுகிறது, புத்தம்புதுக் கணினிகள் வரிசையாக வீற்றிருக்க, "நூலகம் நவீனமாயிற்று!" என மேடையிலே முழக்கம் எழுகிறது. கைதட்டுகிறோம். தட்ட வேண்டியதுதான். ஆனால், ஆண்டு மூன்று உருண்டபின் அதே கணினியின் கதி என்ன என்று கேட்பாரைக் காணோம். விசைப்பலகையில் எழுத்து தேய்ந்து, இணைய இணைப்பு அறுந்து, உறை போர்த்தி உறங்குகிறது பொறி. ஆயுத பூசையன்று உறை விலகுகிறது. சந்தனமும் குங்குமமும் ஏறுகின்றன. மறுநாள் மீண்டும் உறக்கம்! இக்காட்சியைக் காணாதார் நம்மில் சிலரே. பொட்டு வைக்க ஆள் உண்டு. பழுது பார்க்கத்தான் ஆள் இல்லை.

கணினியை நாம் குறைகூறவில்லை. அதனை வரமாகக் கருதும் மனப்பான்மையையே குறைகூறுகிறோம். வரம் ஒருமுறை அருளப்படுவது; அதற்குக் கணக்கு இல்லை, காலவரை இல்லை, கேள்வி இல்லை. பொறியோ அப்படிப்பட்டதன்று. அதற்கு ஆயுள் உண்டு. பேணும் செலவு உண்டு. பேணத் தெரிந்த கை வேண்டும். இம்மூன்றையும் முன்கூட்டிக் கணக்கிடுவதே திட்டம். கணக்கிடாமல் வாங்கிக் குவிப்பது, தேர் செய்துவிட்டுத் தெருவை அகலப்படுத்த மறந்த கதை.

சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக அமர்ந்தவர் எஸ்.ஆர். அரங்கநாதன். நூலக இயலுக்கு ஐந்து விதிகள் வகுத்து 1931இல் அவர் வெளியிட்ட நூல் உலகெங்கும் பயிலப்படுகிறது. நூல் பயன்படுத்தப்படுவதற்கே என்பது அவரது முதல் விதியின் சாரம். முற்காலத்து ஐரோப்பாவில் ஏடுகள் சங்கிலியால் பிணைக்கப்பட்டுக் கிடந்த நிலையை அவர் எடுத்துக்காட்டுகிறார். சங்கிலி அறுந்தது, மகிழ்ச்சி. ஆனால், தூசி உறைக்குள் கிடக்கும் கணினி, சங்கிலியில் கிடந்த ஏட்டின் பேரப்பிள்ளை அன்றோ? நூலகம் வளரும் உயிர் என்பது ஐந்தாம் விதியின் கருத்து. உயிர் என்றால் நாள்தோறும் உணவு வேண்டும். பிறந்த நாளன்று விருந்து படைத்துவிட்டுப் பிறகு பட்டினி போடுவோர், அந்த நூலைப் பாராட்டலாம், பின்பற்றுவதாகச் சொல்லலாகாது.

"பழுது வருவதை எவர் அறிவார்?" என்பர். அறியலாம்! கணினியை இயக்கும் விண்டோஸ் மென்பொருளையே பாருங்கள். எக்ஸ்பி பதிப்புக்குரிய பாதுகாப்பு உதவி 2014 ஏப்ரல் 8 அன்றும், ஏழாம் பதிப்புக்கு 2020 ஜனவரி 14 அன்றும், பத்தாம் பதிப்புக்கு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிவுற்றன. நாள்கள் முன்னதாகவே அறிவிக்கப்பட்டவை. பஞ்சாங்கத்தில் இராகுகாலம் பார்ப்போர் இந்த நாள்காட்டியைப் பார்த்திருந்தால், மாற்றுப் பொறிக்கு உரிய பணத்தை ஆண்டுதோறும் ஒதுக்கியிருக்கலாம்.

திட்டமிட்ட நூலகம் எப்படி இருக்கும்? நியூசிலாந்து நாட்டிலே ஹோரோவெனுவா என்ற சிறிய பகுதி. அங்குள்ள நூலகம் வைத்திருந்த பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டைத் தாங்காது என்று 1999இல் தெரிந்தது. நூலகத்தார் நாள் நட்சத்திரம் பார்க்கவில்லை. தங்கள் தேவையை எழுதினர். உள்நாட்டு நிறுவனம் ஒன்றைக் கொண்டு புதிய மென்பொருளை உருவாக்கினர். 2000 ஜனவரியில் அது இயங்கத் தொடங்கியது. அதோடு நின்றார்களா? எவரும் எடுத்தாளலாம், திருத்தலாம் என உலகுக்கே அளித்தனர். மாவோரி மொழியில் நன்கொடை எனப் பொருள்படும் கோஹா என்பது அதன் பெயர். இன்று பல நாட்டு நூலகங்களில், நம் நாட்டிலுங்கூட, அது பணிபுரிகிறது. ஆனால், இலவச மென்பொருளும் தானே இயங்குவதில்லை. அதைப் பேணவும் பயின்ற கை வேண்டும்.

தமிழ்ப் பட்டியலைப் பொறுத்தவரை இது இன்னும் கூர்மையான கேள்வி. ஆளுக்கோர் எழுத்துரு என்றிருந்த காலத்தில் தட்டச்சான தமிழ், அந்த எழுத்துரு இல்லாத பொறியில் புரியாக் கிறுக்கலாயிற்று. 1999இல் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாடு விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் தரம் வகுத்தது. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. பொறிக்கு ஏற்ற எழுத்து வேண்டுமெனக் கருதிய பெரியார், 1935இலேயே தம் ஏட்டில் சீர்திருத்த எழுத்தைக் கையாண்டார். அவ்வழி வந்த நாட்டில், பழைய பட்டியலை ஒருங்குறிக்கு மாற்றாமலும், அதற்குக் காப்புப்படி எடுக்காமலும் விட்டால், அலமாரியில் நூல் இருந்தும் தேடுவோனுக்கு இல்லையாகும்.

"கையில்தான் கைப்பேசி இருக்கிறதே, நூலகக் கணினி எதற்கு?" என்போருக்கு ஒரு சொல். வீட்டிலுள்ள ஒரே கைப்பேசி தந்தையோடு வேலைக்குச் சென்றுவிட, தேர்வு விண்ணப்பத்தின் கடைசி நாளன்று நூலகப் படியேறுகிறாள் முதல் தலைமுறையாகப் படிக்கும் உழைப்பாளியின் மகள். "கணினி பழுது" என்ற ஒரு தாள் அவளைத் திருப்பி அனுப்புமானால், பறிபோவது ஒரு மணிநேரமன்று, ஓர் ஆண்டு!

பணம் இல்லையா? விடுதலைக்குப் பின் நாட்டிலேயே முதலாவதாக, 1948இல் பொது நூலகச் சட்டம் இயற்றியது சென்னை மாகாணம். சொத்து வரியோடு நூலக வரியும் செலுத்துகிறார்கள் மக்கள். ஆகவே நூலகக் கணினி எவரும் இட்ட பிச்சையன்று. மக்கள் விலை கொடுத்த உரிமை.

தோழர்களே! உங்கள் ஊர் நூலகத்துக்குச் செல்லுங்கள். நூலகர்மீது பாயாதீர்கள், கருவி கேட்டுக் கடிதம் எழுதிக் களைத்தவராக அவர் இருக்கக்கூடும். கணினி வாங்கிய ஆண்டு எது, மாற்றும் ஆண்டு எது, பழுதானால் எத்தனை நாளில் எவர் வருவார், பட்டியலின் காப்புப்படி எங்கே உள்ளது, நூலகருக்குப் பயிற்சி தரப்பட்டதா என்று கேளுங்கள். விடையை எழுதி நூலக ஆணைக்குழுவுக்கு அனுப்புங்கள். சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுங்கள். விடை வரும்வரை கேளுங்கள். திறப்பு விழாவுக்குக் கூட்டம் சேர்த்த நாம், பராமரிப்புக் கணக்குக்கும் கூட்டம் சேர்ப்போம்!