சாகாத மனிதனும் பிக்மிகளும்

காமிக்ஸ் பற்றித் தமிழில் இரண்டுவிதப் பேச்சுதான் நடக்கிறது. ஒன்று, குப்பை என்று ஒதுக்குவது. இன்னொன்று, 'ஆஹா, அந்தக் காலம்' என்று உருகுவது. பழைய ராணி காமிக்ஸ் இதழைப் பல மடங்கு விலை கொடுத்து வாங்கி உறை போட்டு வைக்கிறவர்கள் உண்டு. இரண்டு பேச்சுக்குமே பிரதி தேவைப்படுவதில்லை. அதை யார், எந்தத் தெருவில் உட்கார்ந்து வாசித்தார்கள் என்பதும் தேவைப்படுவதில்லை.

வேதாளனை எடுத்துக்கொள்வோம். 1936 பிப்ரவரியில் அமெரிக்கச் செய்தித்தாள்களில் லீ ஃபாக் தொடங்கிய படத்தொடர். ராணி காமிக்ஸ் அவனை 'மாயாவி' என்றது. (முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவி வேறு ஆள், பிரிட்டிஷ் சரக்கு. இந்தக் குழப்பத்திலேயே எங்களுக்குள் பாதிச் சண்டை நடந்திருக்கிறது.) கதை தெரிந்ததுதான். 400 வருஷத்துக்கு முன் கொள்ளையரிடம் கப்பலைப் பறிகொடுத்துக் கரை ஒதுங்கிய வெள்ளையன் ஒருவன், அப்பாவைக் கொன்றவனின் மண்டையோட்டின் மேல் சத்தியம் செய்கிறான். அப்பன் செத்தால் மகனுக்கு அதே உடுப்பு, அதே முகமூடி. இப்படி 21 தலைமுறை. காட்டுச் சனங்களுக்கோ ஒரே ஆள் சாகாமல் இருப்பதாகத் தோற்றம். ஒரு பரம்பரை ஆட்சி, பரம்பரை என்ற பெயரே இல்லாமல் நடக்கிறது. உண்மை தெரிந்த பந்தர் பிக்மிகள்தான் அந்த ரகசியத்துக்குக் காவல். ஆளப்படுகிறவன் கையிலேயே ஆட்சியின் ரகசியத்தைக் கொடுத்து வைப்பது லேசுப்பட்ட உத்தி இல்லை.

'பந்தர்' என்றால் இந்தியில் குரங்கு. ஃபாக், கிப்ளிங்கிலும் டார்ஜானிலும் ஊறியவர். ஆரம்பத்தில் அவருடைய காடு ஆசியாவில், வங்கம் என்று காதில் விழும் பெயரோடு இருந்தது. பிறகுதான் ஆப்பிரிக்காவுக்கு நகர்ந்தது. 1964-இல் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸில் நாட்டின் பெயர் 'டெங்காலி' ஆனது. 'சிங்' கொள்ளையர் 'சிங்கா' ஆனார்கள். யார் மனமும் புண்படக்கூடாது என்ற கவலை போலும். அதன் ஆங்கில இதழ்களில் பந்தர் மட்டும் பந்தராகவே இருந்தார்கள். புண்படக்கூடிய மனம் யாருக்கு உண்டு என்பதிலும் ஒரு படிவரிசை.

பக்கத்துக்குப் பக்கம் வரும் 'காட்டுப் பழமொழி'களைக் கவனித்திருக்கிறீர்களா? எல்லாமே அவனுடைய பலம், அவனுடைய வேகம், அவனுடைய கோபம். ஒரு முழுச் சமூகத்தின் மொழியும் ஒருவன் துதியாகவே மிஞ்சியிருக்கிறது. பசி பற்றி, மழை பற்றி அந்தக் காட்டில் ஒரு சொலவடைகூடக் கிடையாது.

எங்கள் பக்கம் அந்தக் கதையை விளையாடுவோம். விரல் முட்டியில் பேனா மையால் மண்டையோடு. ஊர்த்தெருப் பையன்கள் இருந்தால் மாயாவி யாரென்று கேட்க வேண்டியதே இல்லை. காலனியிலிருந்து போன எங்களுக்கு, 'நீங்கள்லாம் பிக்மிடா.' அவ்வளவுதான். யாரும் சொல்லிக்கொடுத்த மாதிரித் தெரியவில்லை. வேஷம் தானாக வந்து சேர்ந்தது. ஆனால் பழைய பேப்பர் கடையில் எடுத்த இதழைப் பின்திண்ணையில் தனியாக வாசிக்கும்போது நான் பிக்மி இல்லை. வெள்ளைக் குதிரையில் போனது நான்தான்.

ஃபனான் 1952-இல் டார்ஜான் படத்தை வைத்து இதைத்தான் சொன்னார். அண்டிலியத் தீவுகளின் தியேட்டரில் கறுப்புப் பையன் டார்ஜானோடு ஒன்றிப்போகிறான். ஐரோப்பியத் தியேட்டரில் அது முடிவதில்லை, சுற்றியுள்ள வெள்ளையர்கள் அவனைத் திரையிலுள்ள காட்டுவாசிகளோடு சேர்த்துவிடுகிறார்கள். அவனுக்கு நடுவில் ஒரு கடல் இருந்தது. எங்களுக்குத் திண்ணைக்கும் தெருவுக்கும் நடுவில் நூறடிகூட இல்லை. ஏக்கம் பேசுகிறவர்களின் 'நம் பால்யம்' என்பதில் அந்த 'நம்' எங்கே நிற்கிறது என்பதே என் கேள்வி.

இன்னொன்று, காட்டுக் காவல்படை. அதன் தளபதி யாரென்று படையினருக்கே தெரியாது. உத்தரவு மட்டும் வரும். சிறுவயதில் இது சுவாரஸ்யம். 1992 ஜூன் 20 அன்று வாச்சாத்திக்குள் வனத்துறையும் போலீசும் புகுந்ததற்குப் பிறகு அதைச் சுவாரஸ்யமாக வாசிக்க முடியவில்லை. 2011-இல் 215 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. அன்றைய ஆட்சியர், எஸ்.பி., மாவட்ட வன அலுவலர் மீது நடவடிக்கை எடுக்க உயர்நீதிமன்றம் உத்தரவிட்டதோ 2023-இல். மேலே இருந்தவர்களைத் தொட 31 வருஷம்.

இதனாலெல்லாம் காமிக்ஸ் ஏகாதிபத்திய விஷம், தீர்ந்தது விஷயம் என்று முடித்துவிட முடியுமா? 1971-இல் சிலியில் டோர்ஃப்மனும் மத்தலாரும் டொனால்ட் டக்கைப் பிரித்துப்போட்டுக் காட்டினார்கள். தேவையான வேலை. ஆனால் திண்ணையில் குதிரையேறிய பையனின் சந்தோஷத்தை அந்த விமர்சனம் தொடுவதில்லை. வாசகன் அதில் ஏமாளியாகவே வருகிறான்.

பப்புவா நியூ கினியின் மலைநாட்டு வாகி மக்களிடம் இதே படக்கதை போனது. அவர்கள் வேதாளனைத் தங்கள் போர்க் கேடயங்களில், ஆளுயரத்துக்கு, பளீர் வர்ணத்தில் வரைந்துகொண்டார்கள். சாகாத மனிதன், சரி. அப்படியானால் எங்களுக்கு முன்னால் நில், வருகிற அடியை நீ வாங்கு.