கனிவுக்கு அஞ்சிய பெண்

எளிய சொற்களால் ஆகிய பாட்டு எளிதிற் பொருள் தந்துவிடும் என்று கருதுவோர் பலர். அக்கருத்து எத்துணைப் பிழையுடையது என்பதை 1973ஆம் ஆண்டு வெளிவந்த ‘கண்டாகவா’ என்னும் ஜப்பானியப் பாட்டு உணர்த்தும். கண்டா என்பது தோக்கியோ நகரிடை ஓடும் ஓர் ஆறு. பாட்டை இயற்றியவர் கிட்டாஜோ மகோட்டோ. அதற்கு இசையமைத்து, ‘ககுயாஹிமே’ குழுவினருடன் பாடியவர் மினாமி கோசெட்சு. வயலினும் கிதாரும் மெல்லென இயங்கும் இப்பாட்டை அந்தி வேளையில் கேட்டு, ‘இளமைக்கால வறுமையின் இனிய நினைவு’ என மகிழ்வார் உளர். அது பாதி உண்மையே.

பாடுவது ஆண்குரல்; பேசுபவளோ ஒரு பெண். மூன்று பாய் விரிக்கும் அளவே உள்ள, அதாவது ஏறத்தாழ 5 சதுர மீட்டர் கொண்ட வாடகை அறையில் காதலனோடு வாழ்ந்த நாளை அவள் நினைக்கிறாள். இருவரும் பொதுக் குளியலகம் செல்வர். சேர்ந்தே வெளிவருவதென்பது பேச்சு. ஆயினும் எப்போதும் காத்து நிற்பவள் அவளே. கழுவிய கூந்தல் குளிர்ந்துபோகிறது; சிறு சவர்க்காரம் கடகடக்கிறது. அவள் நடுங்கினாள் என்று பாவலர் கூறவில்லை. சவர்க்காரத்தின் ஓசையே கூறிவிடுகிறது. பின்னர் வந்தவன் அவளை அணைத்து, உடல் குளிர்ந்திருப்பதைச் சொல்கிறான்.

அவன் 24 நிற வண்ணக்குச்சிகள் வாங்கி அவளை வரைகிறான். எத்தனை முறை வரைந்தும் சாயல் அமையவில்லை. அருகில் இருந்தும் அவளை அவன் முழுதும் கண்டானல்லன் என்பது குறிப்பு.

இளமையில் எதற்கும் அஞ்சாத தான், அவனது கனிவு ஒன்றற்கே அஞ்சியதாக அவள் கூறுகிறாள். அச்சம் பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியர் கூறுவன அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கு. கனிவு அவற்றுள் இல்லை. பின் அஞ்சுவது எதனால்?

பாட்டின் தொடக்கத்தை நோக்குக. அவன் இவற்றையெல்லாம் மறந்திருப்பானோ என்ற ஐயத்தோடு அது தொடங்குகிறது. அன்று குளிரில் காக்க வைத்தவனே கனிவாகவும் பேசினான். வன்சொல் எனின் விலகிவிடலாம், கனிவு விலகவொட்டாது. அது நிலையாது என உள்ளூர உணர்ந்த நெஞ்சே அதற்கு அஞ்சும். ஆயினும் அவள் அவனைப் பழித்து ஒரு சொல்லும் கூறவில்லை.

குறை ஒன்று உண்டு. இசை மிக இனிதாகலின், அச்சம் என்னும் சொல் செவியில் தங்காது நழுவிவிடுகிறது. அதனை நழுவ விடாது கேட்பார்க்கே இப்பாட்டின் மறுபாதி விளங்கும்.