கோட்டம் எடுத்தல்

சைக்கிள் கடையில் சக்கரத்தைச் சுழலவிட்டு, விளிம்பு எந்த இடத்தில் ஒதுங்குகிறதென்று கண்ணாலேயே அளந்து, போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாய் இறுக்கியும் தளர்த்தியும் நேராக்குகிற வேலைக்குக் ‘கோட்டம் எடுத்தல்’ என்று பெயர். சதுரங்கப்பட்டினத்தில், டச்சுக்காரர்களின் செங்கற்கோட்டைக்குக் கூப்பிடு தூரத்தில் வசிக்கும் என் நண்பர், பிளாஸ்டிக் மாதிரி வாகனங்களைப் பாகம் பாகமாய் ஒட்டி உருவாக்குவதில் நாற்பதாண்டு அநுபவம் உள்ளவர். கோணிப்போன பாகங்களைச் சீர்செய்யும் தம் காரியத்துக்கும் அந்தப் பெயரையே வழங்குகிறார். அதனினும் பொருத்தமான பதம் எனக்கும் தோன்றவில்லை.

அன்று அவர் மேஜைமேல் இருந்தது ஏர்பிக்ஸ் கம்பெனியாரின் பழைய டிரையம்ப் ஹெரால்ட், 32-இல் ஒரு பங்கு அளவு. இத்தாலியரான மிக்கெலோட்டி உருவம் வகுத்த அந்தக் காரைத்தான் 1961 முதல் வண்டலூரில் ‘ஸ்டாண்டர்டு ஹெரால்ட்’ என்ற பெயரில் செய்தார்கள். நண்பர் பால்யத்தில் முதன்முதலாக ஏறிய கார் அது. ஏறக்குறைய 3.9 மீட்டர் நீளமுள்ள வண்டி, மேஜைமேல் 12 சென்டிமீட்டராக ஒடுங்கிவிடுகிறது. ஆகவே அடித்தளத்தில் ஒரு மில்லிமீட்டர் கோணல் நின்றாலும், நிஜக் காரின் கணக்கில் அது ஒன்றேகால் அங்குலம்! அப்படியொரு காரை வண்டலூர்த் தொழிற்சாலையிலிருந்து வெளியே விட்டிருப்பார்களா?

உருகிய பாலிஸ்டைரீனை மிகுந்த அழுத்தத்தோடு உலோக அச்சுக்குள் செலுத்துகையில், தடித்த பகுதி தாமதமாகவும் மெல்லிய பகுதி விரைவாகவும் ஆறுவதால், ஒன்றை ஒன்று இழுக்கும் விசை உள்ளேயே உறைந்து போகிறது. சூடு தணியுமுன் அச்சிலிருந்து எடுத்தாலும், பெட்டிக்குள் பாரத்தின்கீழ் வெகுகாலம் வெப்பத்தில் கிடந்தாலும் கோட்டம் விழும்.

அந்தக் கோட்டத்தை எடுக்க நண்பர் முதலிலேயே வெந்நீரைத் தேடுவதில்லை. பாகத்தைக் கண்ணாடிப் பலகைமேல் வைத்து, காகிதத் துண்டொன்றை ஒவ்வொரு மூலைக்கடியிலும் நுழைத்துப் பார்க்கிறார். இரு முனைகளும் ஒருசேர எழும்பி நின்றால் அது வளைவு. எதிரெதிர் மூலைகள் மாறிமாறித் தட்டினால் அது முறுக்கு. இந்த வித்தியாசத்தை அறியாமல் கைவைப்பவர் ஒரு குறையை இரண்டாக்கிவிடுவார். கொதிநீரும் ஆகாது: 100 டிகிரியை நெருங்குகையில் இந்தப் பிளாஸ்டிக் தன் விறைப்பை இழந்துவிடுமாதலால், மெல்லிய விளிம்புகள் துவண்டுபோகும். கொதித்த நீரைச் சுமார் 70 டிகிரிக்கு ஆறவிட்டு, பாகங்கள் கோத்து வந்த சட்டத்திலிருந்து நறுக்கிய துண்டொன்றை முதலில் அதில் அமிழ்த்தி, அது எவ்வளவு நேரத்தில் இணங்குகிறதென்று பார்த்த பின்னரே அடித்தளத்தை இறக்குகிறார். சில விநாடிகளில் வெளியே எடுத்து, கோணலுக்கு எதிர்த்திசையில், நேர்நிலையைத் தாண்டி ஒரு மயிரிழை அதிகமாக முறுக்கி, அப்படியே பிடித்தபடி பானைத் தண்ணீரில் முக்குகிறார். அந்த மயிரிழையில்தான் வித்தை முழுதும் இருக்கிறது. விட்டவுடன் பிளாஸ்டிக் சற்றே பின்வாங்கும் என்பதை அவர் விரல்கள் முன்கூட்டியே அறிந்திருக்கின்றன.

ஒரே மூச்சில் திருத்த அவர் ஆசைப்படுவதில்லை. மூன்று முறை, நான்கு முறை, ஒவ்வொரு தடவையும் சிறிதளவு. ஈரத்தோடு பாகத்தைக் கண்ணாடியில் வைக்கும்போது அடியில் நீர் எங்கே ஒட்டிப் பரவுகிறது, எங்கே விலகி நிற்கிறது என்று பலகையைத் தூக்கி மறுபுறத்திலிருந்து காட்டினார். முதல் முறை இரண்டு மூலைகளில் மட்டும் கறுத்திருந்த ஈரம், நான்காம் முறை ஓரமெங்கும் ஒரே சீராகப் பரவியிருந்தது. எத்தனையோ சிற்பங்களை வியந்து பார்த்த எனக்கு, அந்த ஈரக்கோடு அளித்த ஆனந்தம் அவற்றுக்குக் குறைந்ததென்று சொல்ல மனம் வரவில்லை.

வடக்கே சிறிது தூரத்திலுள்ள மாமல்லபுரத்து ஐந்து ரதங்களும் ஒருவகையில் மாதிரிகளே. மரத்தாலும் செங்கல்லாலும் எழுப்பிய கட்டடங்களின் வடிவைப் பாறையில் காட்டுபவை. அந்தச் சிற்பிகளுக்கு, செதுக்கியதைத் திரும்ப ஒட்டும் பாக்கியம் இல்லை. இங்கோ, கோணிய பொருளே இளகிக்கொடுத்து மறுபடியும் இடம் தருகிறது. ஆனாலும் எல்லாப் பாகமும் அப்படியல்ல. ஒளி ஊடுருவும் முன்கண்ணாடியை அவர் சூட்டுக்குக் காட்டுவதே கிடையாது. எளிதில் விரிசல் விடும். தடித்த மேற்கூடு சற்று அகன்றிருந்தால், ரப்பர் வளையமிட்டு, விளிம்பில் அங்குலம் அங்குலமாகப் பசை தடவி, ஓரிடம் பிடித்த பிறகே அடுத்த இடத்துக்குப் போகிறார்.

மறுநாள் மாலை நான் போனபோது சக்கரங்கள் ஏறியிருந்தன. நண்பர் ஒன்றும் பேசாமல் காகிதத் துண்டை என்னிடம் நீட்டினார். மூன்று சக்கரங்களின் அடியில் அது நுழையவில்லை, நான்காவதிலும் நுழையவில்லை.