கோடு தப்பும் பிளேடு: மூன்று வைத்தியங்களும் ஒரு தீர்ப்பும்

பேண்ட்சா நேராக அறுக்கவில்லை என்றால் மதுரைப் பக்கத்துப் பட்டறைகளில் மூன்று விதமான வைத்தியம் நடக்கும். ஒருவர் ஃபென்ஸைச் சற்றே சாய்த்து வைப்பார். இன்னொருவர் மேல் வீலின் திருகைத் திருப்பி, பிளேடை முன்னே பின்னே நகர்த்துவார். மூன்றாமவர் எதையும் தொடாமல் பிளேடைக் கழற்றிச் சாணைக்கு அனுப்புவார். மூவருக்கும் அனுபவம் உண்டு. மூவரும் தங்கள் வழியில் நேரான பலகை அறுத்தவர்கள்தான். ஆனால் கோணலுக்கு மூவரும் சொல்லும் காரணம் வேறு வேறு. எது முதற்காரணம் என்று தெரியாமல் மூன்றையும் ஒரே நாளில் செய்துபார்ப்பவருக்கு, எதனால் சரியானது என்பது கடைசிவரை தெரியாது.

தீர்ப்புக்கு முன் இரண்டு விஷயங்களைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். முதலாவது, ‘நேர்’ என்று நாம் கேட்பது எதை? பலகையின் நீளவாக்கில் அறுப்பு கோட்டை விட்டு ஒரு பக்கம் ஒதுங்குவது ஒரு குறை. தடித்த கட்டையைப் பலகையாகப் பிளக்கும்போது மேலும் கீழும் சரியாக இருந்து, நடுவில் மட்டும் வயிறு தள்ளுவது வேறொரு குறை. இரண்டையும் ‘கோணல்’ என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். வைத்தியம் தவறுவது பெரும்பாலும் இங்கேதான்.

இரண்டாவது, நாம் அறுக்கும் மரம். வெளிநாட்டுக் கைநூல்கள் சூளையில் உலர்த்திய, சீரான பலகையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. இங்கே மேடைக்கு வருவது தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கிய தேக்கு, செங்கோட்டை மரக்கடைத் தேக்கு, மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்து வேம்பும் வாகையும். இவற்றோடு மதுரையிலும் காரைக்குடியிலும் இடித்த வீடுகளின் பர்மாத் தேக்கு உத்தரங்கள். உத்தரத்துக்குள் பழைய ஆணி இருக்கும். ஈரம் காயாத வேம்பு, அறுத்த தடத்தை மூடிக்கொண்டு பிளேடைப் பிடிக்கும். தேக்கில் இயல்பாகவே உள்ள சிலிக்கா பல்லைச் சீக்கிரம் மழுக்கும். ஒரு முறை நல்லதா இல்லையா என்பதை இந்த மரங்களில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் ஃபென்ஸைச் சாய்க்கும் முறை. ஒரு பலகையின் ஓரத்துக்கு இணையாகப் பென்சில் கோடு போட்டு, ஃபென்ஸ் இல்லாமல் கையாலேயே அந்தக் கோட்டில் அறுப்பார்கள். பாதியில் பலகையை அசையாமல் பிடித்து மெஷினை நிறுத்தினால், பலகை எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கிறதோ அதுதான் பிளேடு போக விரும்பும் திசை. ஃபென்ஸை அந்தக் கோணத்துக்கு வைத்துவிட்டால் வேலை ஓடும். கருவி வேண்டாம், செலவு இல்லை, சில நிமிடங்களில் முடியும். அவசர வேலைக்கு இதைவிட எளிய வழி கிடையாது.

இதன் பலவீனமும் அதிலேயே இருக்கிறது. அந்தக் கோணம் அன்றைய பிளேடின் அன்றைய நிலைக்கு மட்டும் உரியது. அடுத்த உத்தரத்தில் ஓர் ஆணி பட்டால் கோணம் மாறிவிடும். மேடையின் காடிக்கும் ஃபென்ஸுக்கும் இணைவு போய்விடுவதால், காடியில் ஓடும் கோணமானியை நம்பி வெட்டும் குறுக்கறுப்புக்கும் அந்த ஃபென்ஸுக்கும் பொருத்தம் இராது. வயிறு தள்ளும் குறைக்கோ இந்த முறையிடம் பதிலே இல்லை. குறையை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, மரத்தை அதற்கேற்ப வளைத்துக் கொடுக்கும் முறை இது.

இரண்டாவது முறை காரணத்துக்கு இன்னும் அருகில் போகிறது. பல பேண்ட்சாக்களில் வீலின் விளிம்பு தட்டையாக இராது; நடுவில் லேசாகப் புடைத்திருக்கும். பிளேடு அந்தப் புடைப்பின் உச்சியில் அமராமல் முன்னாலோ பின்னாலோ அமர்ந்தால், சரிவில் உட்கார்ந்த பிளேடின் முகம் ஒரு பக்கம் திரும்பிவிடும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 25 மி.மீ. அகல விளிம்பு, நடுவில் அரை மி.மீ. புடைப்பு என்றால், உச்சியிலிருந்து 3 மி.மீ. விலகிய இடத்தில் சரிவு ஏறத்தாழ ஒரு டிகிரி. ஒரு டிகிரி திரும்பிய பிளேடு 300 மி.மீ. நீள அறுப்பில் 5 மி.மீ. ஒதுங்கும். தச்சுக் கணக்கில் ஒன்றரை நூலுக்கும் மேல்! கைடு ஓரளவு இழுத்துப் பிடிக்கும் என்றாலும் இது சின்னத் தப்பல்ல. அமெரிக்கச் செய்முறையாளர் அலெக்ஸ் ஸ்னோட்கிராஸ், பல்லிடைப் பள்ளத்தின் அடியை மேல் வீலின் நடுவுக்கு நேராக வைக்கச் சொல்வதில் இந்த வடிவக் கணக்கு பொருந்திவருகிறது. பிளேடு அங்கே அமர்ந்தால் ஃபென்ஸைச் சாய்க்க வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லாமல் போகும்.

ஆனாலும் எல்லை உண்டு. விளிம்பு தட்டையாக உள்ள வீலில் சரிவே கிடையாது; அங்கே இந்த விளக்கம் செல்லாது. வீலின் குறுக்கே எஃகு ஸ்கேலை வைத்து அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்காமல் இந்த முறையைக் கையில் எடுப்பது வீண். தவிர, இரு பக்கப் பல்லும் ஒரே அளவு விரிந்து, ஒரே அளவு கூராக இருப்பதாக இது எடுத்துக்கொள்கிறது. உத்தரம் அறுக்கும் பட்டறையில் அந்த நிபந்தனை நிலைப்பதில்லை.

இதற்கு உறவான கொள்கை ஒன்றும் உண்டு: மேல் வீலும் கீழ் வீலும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும் என்பது. மார்க் டுகின்ஸ்கி தன் பேண்ட்சா கைநூலில் இதை வலியுறுத்துகிறார். மெஷினை நிறுவும்போதும், பேரிங் அல்லது தண்டு மாற்றிய பிறகும் நீண்ட மட்டக்கோல் வைத்து இதைப் பார்ப்பது நியாயம். ஆனால் மேல் வீலைச் சாய்த்துத்தான் நாம் தினமும் பிளேடை நகர்த்துகிறோம். சாய்த்த கணமே அந்த ஒரே தளம் கலைந்துவிடுகிறது. ஆகவே இது அன்றாட வைத்தியமாகாது. மெஷினின் அடித்தளச் சோதனை என்ற அளவில் ஏற்கலாம்.

மூன்றாவது, பிளேடையே குற்றவாளி என்பவர்களின் வாதம். ஆணி உரசிய பிளேடைக் கழற்றி வெயிலில் சாய்த்துப் பாருங்கள். ஒரு பக்கத்துப் பல் முனைகள் மட்டும் வெள்ளையாக மின்னும், அவை மழுங்கியவை. கூர் மிஞ்சிய பக்கம் அதிக மரத்தைத் தின்னும், பிளேடு அந்தப் பக்கமே நகரும். பல்லின் விரிவு, அதாவது செட், ஒரு பக்கம் கூடுதலாக இருந்தாலும் இதே கதைதான். ஓடும் பிளேடின் கூடுதல் செட் உள்ள பக்கத்தில் எண்ணெய்க்கல்லை இலேசாகத் தொட்டால் ஒதுக்கம் குறையும். வீலையோ ஃபென்ஸையோ தொடாமல் கிடைக்கும் இந்தப் பலன், குற்றம் பிளேடில்தான் என்பதற்கு நேரடிச் சான்று.

வயிறு தள்ளும் குறைக்குப் பதில் வைத்திருப்பதும் இந்தத் தரப்பு மட்டுமே. ஆறு அங்குலக் கட்டையைப் பிளக்க அங்குலத்துக்கு மூன்று பல் போதும். பல் நெருக்கமாக இருந்தால் பள்ளம் தூளால் நிரம்பி, பிளேடு வழி தேடி வளையும். அடுத்தது டென்ஷன். சாதாரணக் கார்பன் எஃகு பிளேடுக்குச் சதுர அங்குலத்துக்கு 15,000 பவுண்டு என்பது வழக்கமாகச் சொல்லப்படும் அளவு. அந்த இழுவையில் 500 மி.மீ. பிளேடு கால் மி.மீ. நீளும். அகல பிளேடு போட்டால் நேராக அறுக்கும் என்று நம்புபவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்: 0.9 மி.மீ. தடிப்புள்ள ஓரங்குல பிளேடுக்கு இந்த டென்ஷன் கொடுத்தால் மேல் வீலின் மீது ஏறத்தாழ 480 கிலோ இழுவை விழும். அரை அங்குல மெல்லிய பிளேடுக்கோ 170 கிலோ போதும். சிறிய மெஷினின் சட்டம் முதல் இழுவையைத் தாங்காது. தளர்ந்த ஓரங்குலத்தைவிட விறைத்த அரை அங்குலம் மேல்.

டென்ஷன் கொடுக்கும் ஸ்பிரிங்கும் இதில் சேரும். அறுக்கும்போது பிளேடு 30 டிகிரி சூடேறினாலே, வெப்பத்தால் நீளும் அளவு டென்ஷனால் நீண்டதில் மூன்றில் இரண்டு பங்கு. நல்ல ஸ்பிரிங் அந்தத் தளர்வை உடனே வாங்கிக்கொள்ளும். முழுவதும் நசுங்கி இறுகிய ஸ்பிரிங் வாங்காது. காலையில் நேராக அறுத்த மெஷின் பத்துப் பலகைக்குப் பிறகு வயிறு தள்ளினால் முதலில் அங்கே பார்க்க வேண்டும்.

வரலாறும் இந்தத் தரப்பின் பக்கமே பேசுகிறது. லண்டனில் வில்லியம் நியூபெர்ரி 1809-இலேயே பேண்ட்சாவுக்குக் காப்புரிமை பெற்றார். பிளேடு ஓயாமல் அறுந்ததால் அந்த யோசனை பல ஆண்டுகள் கிடப்பில் கிடந்தது. 1846-இல் பிரான்சின் ஆன் பாலின் கிரெப்பின் பிளேடின் இரு முனைகளையும் உறுதியாக ஒட்டும் முறைக்குக் காப்புரிமை கேட்ட பிறகே அது பட்டறைக்கு வந்தது. இன்றும் சுருளிலிருந்து வெட்டி ஒட்டிய பிளேடின் முதுகில், ஒட்டு இருக்கும் இடத்தில் விரலை ஓட்டிப் பார்ப்பது முதல் சோதனையாக இருக்க வேண்டும். அங்கே படி தட்டினால், ஒவ்வொரு சுற்றிலும் பின்கைடில் ஓர் இடி விழும். பிளேடு முன்னுக்குத் தள்ளப்பட்டு அறுப்பு முகத்தில் வரி வரியாகத் தழும்பு விழும்.

இந்தத் தரப்பிலும் ஓட்டை உண்டு. புதுப் பிளேடும் வீலின் சரிவில் அமர்ந்தால் ஒதுங்கத்தான் செய்யும். பிளேடை மாற்றினால் எல்லாம் சரியாகும் என்பவர், கெட்ட அமைப்பில் நல்ல பிளேடுகளை ஒவ்வொன்றாகப் பாழாக்குவார். தேர்ந்த ஆசாரி எந்த பிளேடிலும் கையாலேயே கோட்டில் அறுத்துவிடுகிறாரே என்றால், அது அவர் கையின் திறமை. ஒரே கனத்தில் இருபது பலகை வேண்டுமென்றால் கைத்திறமை போதாது.

ஆகவே தீர்ப்பு, எது சரி என்பதைவிட எது முந்தி என்பதில் இருக்கிறது. பிளேடு முதலில்: கூர், செட், ஒட்டு, டென்ஷன். அடுத்து, புடைப்புள்ள வீல் என்றால் அதன் மேல் பிளேடு அமரும் இடம். அதன்பின் காடிக்கு இணையாக ஃபென்ஸ். மூன்றும் சரியாக இருந்தும் ஒதுக்கம் மிஞ்சினால் மட்டும் ஃபென்ஸைச் சாய்க்கலாம். அதுவும் அந்த பிளேடு இருக்கும்வரை. சந்தேகம் வந்தால் எதையும் திருகாமல் பிளேடை மட்டும் மாற்றி அதே பலகையை அறுத்துப் பார்க்கலாம். ஒதுக்கம் மாறினால் குற்றம் பிளேடில். மாறாமல் நின்றால் மெஷினில்.

இடித்த வீட்டு மரத்தையே நம்பியிருக்கும் பட்டறைகளுக்கு ஒரு திருத்தம் சேர்க்க வேண்டும். அங்கே பிளேடின் ஆயுளை முடிப்பது பெரும்பாலும் ஆணி. உத்தரத்தை மேடையில் ஏற்றுமுன் நான்கு முகத்திலும் காந்தமோ உலோகம் காட்டும் கருவியோ வைத்துத் தேடி, கிடைத்த ஆணியைப் பிடுங்கிவிடுவது, எந்த நுட்பமான திருகலையும்விட அதிகமான நேர் அறுப்பைத் தரும்.