ரூபாய்க்குப் பத்துக் காசு

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வாசல் சுவரில் மூன்று கல்வெட்டுகள் இருக்கின்றன. அடிக்கல் நாட்டியதற்கு ஒன்று, கட்டடம் திறந்ததற்கு ஒன்று, பின்னாளில் மாடி எடுத்ததற்கு ஒன்று. அமைச்சர், சட்டமன்ற உறுப்பினர், நகர்மன்றத் தலைவர், வார்டு உறுப்பினர்கள், ஒப்பந்ததாரர் என்று மூன்றிலும் சேர்த்து இருபதுக்கு மேல் பெயர்கள். சிறுவயதில் நூலகம் திறக்கும்வரை படியில் உட்கார்ந்து அந்தப் பெயர்களை எழுத்துக்கூட்டிப் படித்தவன் நான். இப்போது அந்த வழியே போகும்போதெல்லாம் ஒரு கேள்வி எழுகிறது. நூலகத்தைக் கட்டிவிட்டு ‘இது நாங்கள் கொண்டுவந்தது’ என்று உரிமை கொண்டாடும் வழக்கத்தால் நூலகத்துக்கு என்ன கிடைக்கிறது, என்ன போகிறது?

‘நூலகத்திலும் அரசியலா’ என்று முகம் சுளிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சாலை போட்டால் ஓட்டு வரும், குடிநீர்க் குழாய் போட்டால் வரும். நூலகம் கட்டியதற்காக ஓட்டு விழுந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அப்படியிருந்தும் ஒரு தலைவர் நூலகத்தைத் தேர்ந்தெடுக்கிறார் என்றால், அதில் தன் பெயரும் தன் கட்சியின் பெயரும் நிலைக்கும் என்ற ஆசைதான் பெரும்பாலும் காரணம். அந்த ஆசை நல்ல வேலை செய்திருக்கிறது. அண்ணாவின் நூற்றாண்டு ஒரு சிலையோடும் ஒரு தோரண வாயிலோடும் முடிந்திருக்கலாம். அப்படி முடியாமல், அன்றைய முதல்வர் கருணாநிதி 2008 ஆகஸ்டில் சென்னை கோட்டூர்புரத்தில் அண்ணா பெயரில் ஒரு நூலகத்துக்கு அடிக்கல் நாட்டினார். 2010 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்தநாளில், எட்டு ஏக்கர் வளாகத்தில் ஒன்பது தளங்களோடு அது திறக்கப்பட்டது. பார்வையற்றோருக்குப் பிரெய்ல் பிரிவு, குழந்தைகளுக்குத் தனித் தளம், சொந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து படிக்க ஓர் இடம் என எல்லாம் அமைந்தன. வீட்டில் படிக்க மேசை இல்லாத, போட்டித் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு அந்தக் கடைசிப் பிரிவு எவ்வளவு பெரிய கொடை என்பதை அங்கே ஒரு காலைப்பொழுது நின்று பார்த்தவர்கள் அறிவார்கள். 2023 ஜூலை 15 அன்று, காமராசர் பிறந்தநாளில், மதுரை புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2.13 லட்சம் சதுர அடியில் திறக்கப்பட்டபோது தென் மாவட்டங்களுக்கும் அந்த வசதி வந்தது. பெயர் ஆசை இல்லாமல் இவை எழுந்திருக்கும் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கல்வெட்டில் பெயர் இருப்பதால் இன்னொரு பயனும் உண்டு. கூரை ஒழுகினால் யாரிடம் போய் நிற்பது என்று ஊருக்குத் தெரிகிறது. ‘நீங்க திறந்து வச்ச லைப்ரரிதானே அண்ணே, நீங்கதான் பாக்கணும்’ என்று வார்டு உறுப்பினரைக் கேட்க ஒரு பிடி கிடைக்கிறது.

ஆனால் இந்த வழக்கத்தின் கேடும் அதே கோட்டூர்புரத்தில்தான் வெளிப்பட்டது. திறந்து பதினான்கு மாதம்கூட ஆகவில்லை. ஆட்சி மாறியிருந்தது. 2011 நவம்பர் 2 அன்று, நூலகத்தை நுங்கம்பாக்கம் கல்வித் துறை வளாகத்துக்கு மாற்றிவிட்டு, கோட்டூர்புரம் கட்டடத்தைக் குழந்தைகளுக்கான உயர் சிறப்பு மருத்துவமனை ஆக்குவதென ஜெயலலிதா அரசின் அமைச்சரவை முடிவெடுத்தது. குழந்தைகள் மருத்துவமனை வேண்டாம் என்று எவரும் சொல்லமாட்டார்கள். அதற்கு ஏன் இந்தக் கட்டடம் என்றுதான் வாசகர்களும் எழுத்தாளர்களும் கேட்டார்கள். வழக்குத் தொடரப்பட்டு, இரண்டே நாளில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. கட்டடம் தப்பியது. ஆனாலும் பராமரிப்பும் பணியாளர் நியமனமும் தேய்ந்துபோய், அவற்றுக்காகவும் நீதிமன்றம் பல ஆண்டுகள் அரசைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருந்தது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த நூலகத்துக்கு அண்ணாவின் பெயர். அதை இடம் மாற்றப் பார்த்த கட்சியின் பெயரிலும் கொடியிலும் அண்ணா இருக்கிறார். இரு கட்சிக்கும் பொதுவான தலைவரின் பெயரே ஒரு நூலகத்துக்குக் காவலாக நிற்கவில்லை என்றால், பெயர் சூட்டுவதில் காட்டும் நடுநிலையால் மட்டும் எதையும் காப்பாற்ற முடியாது. யாருடைய பெயர் என்பதைவிட யார் கட்டியது என்பதுதான் அங்கே பெரிதாகப் பார்க்கப்பட்டது. ஒருவர் ‘என்னுடையது’ என்று அழுத்திச் சொல்லச் சொல்ல, அடுத்து வருபவருக்கு அது ‘அவருடையது’ ஆகிவிடுகிறது. வாசகர் இந்தக் கணக்கில் எங்குமே வருவதில்லை.

சென்னையில் நடந்ததால் இது செய்தியானது. கிராமங்களில் நடந்தது அவ்வளவாகச் செய்தியாகவில்லை. 2006-இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில், ஐந்து ஆண்டுகளில் தமிழ்நாட்டின் 12,600-க்கு மேற்பட்ட ஊராட்சிகளில் நூலகக் கட்டடம் எழுப்புவது ஒரு பணியாக இருந்தது. ஊருக்கு ஒரு நூலகம் என்பது எவ்வளவு பெரிய கனவு! 2011-க்குப் பின் அந்தத் திட்டம் நின்று, ‘தாய்’ என்ற வேறு திட்டம் வந்தது. நூலகங்களில் பல பூட்டிக் கிடந்தன. சில, தேர்தல் நேரத்திலும் மழைக்காலத்திலும் பொருள் போட்டுவைக்கும் அறைகளாயின. 2021-க்குப் பிறகு பழைய பெயரிலேயே இரண்டாம் கட்டம் அறிவிக்கப்பட்டு, கிடந்தவற்றைச் சீரமைக்கும் வேலையும் நடந்தது. நடுவில் போனது பத்து ஆண்டுகள். ஆறாம் வகுப்பில் படிக்கத் தொடங்கிய ஒரு பிள்ளை கல்லூரியை முடித்து வேலை தேடும் காலம் அது.

இதற்கு ஆட்சி மாற்றத்தை மட்டும் குறை சொன்னால் நேர்மையாகாது. அந்த ஊராட்சி நூலகங்கள் பிறக்கும்போதே ஒரு குறையோடு பிறந்தவை. பொது நூலகத் துறையின் கீழ் வராமல் ஊராட்சியின் பொறுப்பில் விடப்பட்டன. பயிற்சி பெற்ற நூலகர் இல்லை, சொற்ப மதிப்பூதியத்துக்கு ஒருவர் கதவைத் திறந்து மூடினார். கட்டடத்துக்கு ஒருமுறை பணம் ஒதுக்கினால் விழா நடத்தலாம், கல்வெட்டு வைக்கலாம். நூலகருக்கு மாதாமாதம் சம்பளம் கொடுப்பதற்கு யாரும் விழா எடுப்பதில்லை. சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதியிலும் இதே கதைதான். அதில் கட்டடம் எழுப்பலாம், சம்பளம் போன்ற தொடர் செலவுக்கு இடமில்லை. திறப்பு விழாவோடு பெருமை முடிந்துவிடுவதால், பணமும் அக்கறையும் அந்த நாளை நோக்கியே ஓடுகின்றன.

கன்னிமாரா நூலகத்தை எண்ணிப் பார்க்கிறேன். 1890-இல் ஆளுநர் கன்னிமாரா பிரபு அடிக்கல் நாட்டினார். அதே ஆண்டு அவர் பதவியை விட்டுப் போய்விட்டார். நூலகம் 1896 டிசம்பர் 5 அன்று வேறொரு ஆளுநரின் காலத்தில் திறக்கப்பட்டது. நாட்டியவர் ஒருவர், திறந்தவர் ஒருவர். பிறகு வெள்ளையர் ஆட்சி போனது, காங்கிரஸ் போனது, கழகங்கள் மாறி மாறி வந்தன. நூலகம் நிற்கிறது. அதைக் காத்தது ஒரு பிரபுவின் பெயர் அல்ல. 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் கீழ் அது மாநில மைய நூலகமானது. 1954-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தின்படி, இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் ஒரு படியும் அங்கே வந்து சேர வேண்டும். எந்த முதலமைச்சரின் மனநிலையையும் நம்பி அந்தப் புத்தகங்கள் வருவதில்லை.

அந்த 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்ல விரும்புகிறேன். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன் பல ஆண்டுகள் போராடி வடிவம் தந்தார். கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார் அதைச் சட்டமாக்கினார். விடுதலை பெற்ற இந்தியாவில் முதல் நூலகச் சட்டம் அதுதான். இன்று தமிழ்நாட்டில் இருக்கும் 4,500-க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் அதன் பிள்ளைகள். அவற்றில் எத்தனை வாசல்களில் இந்த இருவரின் பெயர் இருக்கிறது?

சட்டத்தின் உயிர் நூலக வரியில் இருக்கிறது. நாம் கட்டும் சொத்து வரியின் மீது ரூபாய்க்குப் பத்துக் காசு நூலகத்துக்கு. மூவாயிரம் ரூபாய் சொத்து வரி கட்டும் குடும்பம் முந்நூறு ரூபாய் நூலகத்துக்குத் தருகிறது. நூலகம் இருக்கும் தெருவில் மீன் விற்கும் அம்மாவும், தான் இருக்கும் வாடகை வீட்டின் வழியாக அதைத் தந்துகொண்டுதான் இருக்கிறார். உள்ளாட்சி அமைப்பு அதை வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். வசூலித்ததை முழுதாகக் கொடுக்காமல் பாக்கி வைப்பது நெடுநாள் குறை. வாசலில் தம் பெயரைப் பொறித்துக்கொண்ட ஒரு மன்றம், அந்த வாசலுக்கு உள்ளே போக வேண்டிய பணத்தைத் தன் பொதுக் கணக்கில் வைத்திருக்க முடிகிறது. கல்வெட்டைப் படிப்பவருக்கு அது தெரிய வழியில்லை. உள்ளாட்சி அரசியலில் நூலகம் படும் பாட்டில் எனக்கு மிகவும் வலிப்பது இதுதான். பெயர்ப் பலகைச் சண்டை கண்ணில் படுகிறது. இது படுவதில்லை.

ஆகவே கல்வெட்டுகளைப் பெயர்த்தெடுக்கச் சொல்லவில்லை. திறந்து வைத்தவர் பெருமை கொள்ளட்டும். அந்தப் பெருமையை ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்ளும்படி செய்ய வேண்டும். கல்வெட்டுக்குப் பக்கத்தில் ஒரு பலகை: இந்த ஊரில் சென்ற ஆண்டு வசூலான நூலக வரி இவ்வளவு, ஆணைக்குழுவுக்குக் கொடுத்தது இவ்வளவு, பாக்கி இவ்வளவு. வாங்கிய புத்தகம் எத்தனை, நூலகர் பணியிடம் நிரம்பியிருக்கிறதா, நாள்தோறும் எத்தனை மணி நேரம் திறந்திருக்கிறது. பாக்கி இல்லாமல் கட்டிய மன்றத் தலைவர் அதைச் சொல்லி ஓட்டுக் கேட்கட்டும். நான் போடுவேன். நகராட்சியில் பகுதி சபை கூடுகிறது, ஊராட்சியில் கிராம சபை கூடுகிறது. நிகழ்ச்சி நிரலில் நூலகத்துக்கு ஒரு வரி கேட்க வாசகர் வட்டத்தினர் பத்துப் பேர் போனால் போதும்.

சென்ற மாதம் எங்கள் நூலகரிடம் இதைச் சொன்னேன். ‘பலகை வச்சா நல்லாத்தான் இருக்கும் சார்’ என்றவர், எழுந்து வந்து சுவரைப் பார்த்தார். மூன்றாவது கல்லுக்கும் மின்பெட்டிக்கும் நடுவே கையால் அளந்து, நான்கடி இருக்கும் என்றார்.