அரிசி மூட்டையும் ஆம்புலன்ஸும்

அதிரடிப்படை என்றதும் நமக்கு ஞாபகம் வருவது துப்பாக்கி, முகத்தில் கறுப்புத் துணி, பின்னணி இசை. சாப்பாடு ஞாபகம் வராது. காட்டுக்குள் போகிறவர்களுக்கு அரிசி யார் தூக்குவது, வண்டி நின்றுபோனால் மாற்று வண்டி எங்கே... இதெல்லாம் சினிமாவுக்கு ஆகாத சமாசாரம். ஆனால், ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் அங்கேதான்.

1980 ஏப்ரலில், ஈரானில் பிணைக்கைதிகளை மீட்க அமெரிக்கா எட்டு ஹெலிகாப்டர்கள் அனுப்பியது. குறைந்தது ஆறு வேண்டும். உருப்படியாக மிஞ்சியவை ஐந்து. 'சரி, திரும்பலாம்' என்று கிளம்பும்போது ஒன்று எரிபொருள் விமானத்தில் மோத, எட்டுப் பேர் காலி. எதிரி ஒரு குண்டுகூடச் சுடவில்லை. நாமும் 2008-ல் பட்டோம். மும்பை எரிகிறது, கமாண்டோக்கள் மானேசரில், விமானம் சண்டிகரில்! சென்னை உள்பட நாலு நகரங்களுக்கு என்.எஸ்.ஜி. மையம் வந்தது அதற்கப்புறம், 2009-ல்.

நீங்கள் அஸ்தம்பட்டிக்காரர் என்றால் ஈரான் வரை போக வேண்டாம், மேட்டூர் பக்கம் போதும். 1993 ஏப்ரல் 9, பாலாறு. ஜீப் மக்கர் செய்ய, 'ராம்போ' கோபாலகிருஷ்ணன் குழு கிடைத்த பஸ்ஸில் ஏறியது. கண்ணிவெடியில் 22 பேர் இறந்தார்கள். 2004 அக்டோபர் 18-ல் பாப்பாரப்பட்டி அருகே வீரப்பன் கதை முடிந்ததும் ஒரு வண்டியில்தான். சேலம் ஆஸ்பத்திரி ஒன்றின் பெயர் எழுதிய ஆம்புலன்ஸ். முதல் வண்டி அவசரத்துக்குக் கிடைத்தது. இரண்டாவது யோசித்துத் தயாரித்தது. பதினோரு வருஷப் பாடம் இவ்வளவுதான்.

அந்த ஆபரேஷனை நடத்திய கே.விஜயகுமார் 2017-ல் ஆங்கிலத்தில் எழுதிய வீரப்பன் புத்தகம் நல்ல விறுவிறுப்பு. செல்வமணி செல்வராஜ் 2023-ல் நெட்ஃப்ளிக்ஸுக்கு எடுத்த நாலு பாக ஆவணப்படமும் அப்படியே. இரண்டையும் தவற விடாதீர்கள். எனக்கு ஒரே ஒரு குறை.

வீரப்பனுக்கும் சப்ளை இருந்தது அல்லவா? அது மலைக்கிராமத்துச் சமையற்கட்டிலிருந்து போன அரிசியும் உப்பும். அந்தக் கயிற்றை அறுக்கப் போன இடத்தில் கொடுத்தவனும் அடிபட்டான், கொடுத்ததாகச் சந்தேகப்பட்டவனும் அடிபட்டான். நீதிபதி சதாசிவா குழு விசாரித்து, 2007-ல் தேசிய மனித உரிமை கமிஷன் 89 பேருக்கு 2.8 கோடி ரூபாய் நிவாரணம் கொடுக்கச் சொன்னது. ஆம்புலன்ஸுக்குக் கிடைத்த அக்கறையில் பாதி இந்த அரிசிக்கும் கிடைத்திருக்கலாம்.

வேட்டையின் செலவுக் கணக்கில் அந்த 89 பேரும் உண்டு. அவர்களை விட்டுவிட்டு எழுதினால், கூட்டல் தப்பாகத்தான் வரும்.